அங்கோலா சிறை ரோடியோ: நாற்காலியை வாங்குங்கள், காளையை விட்டுவிடுங்கள்

அமெரிக்காவின் லூசியானா மாநிலச் சிறையை எல்லோரும் அங்கோலா என்றுதான் சொல்வார்கள். அக்டோபர் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ரோடியோ, அதாவது காளை, குதிரைகளை அடக்கும் வேடிக்கை விளையாட்டு, நடக்கும். ஹூஸ்டனிலிருந்து நண்பர் குடும்பத்தோடு போனோம். நெடுஞ்சாலை 66 சிறை வாசலோடு முடிந்துவிடுகிறது, வழி தவற வாய்ப்பே இல்லை. போனைக் காரிலேயே வைத்துவிட வேண்டும்.

கைவினைச் சந்தைக்கு ஐந்து நட்சத்திரமும் தருவேன். தோல் பெல்ட், நகைப்பெட்டி, மரப்பொம்மை, ஆடும் நாற்காலி எல்லாம் கைதிகள் செய்தவை. நான் வாங்கிய நாற்காலியில் இணைப்புகள் கச்சிதம், கைப்பிடி வழவழவென்று இருக்கிறது. பேரம் பேசலாம், ஆனால் தயவுசெய்து பேசாதீர்கள். அங்கே கைதிக்குக் கூலி மணிக்கு 2 சென்ட்டில் தொடங்குகிறது, நல்ல வேலை கிடைத்தால் 40 சென்ட் வரை போகும். சிலருக்கு அதுவும் இல்லை. 2 சென்ட் கணக்கில் 100 டாலர் சேர்க்க 5,000 மணி நேரம் வயலில் நிற்க வேண்டும். நிர்வாகம் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், அவர்கள் கையில் காசு என்று பார்ப்பது இந்தச் சந்தையில்தான்.

நம்பிக்கை பெற்ற கைதிகள் தங்கள் மேசை அருகிலேயே நிற்கலாம். மற்றவர்கள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். பொருள் நம் பக்கம் இருக்கும், விலையை அவர் வேலிக்குள்ளிருந்து சொல்வார். கொஞ்சம் நின்று பேசுங்கள், எந்த மரம், எப்படி இழைத்தார் என்று ஆசையாகச் சொல்கிறார்கள்.

சாப்பாடு பரவாயில்லை. சைவக்காரர்கள் காரிலேயே சாப்பிட்டுவிட்டு இறங்குவது நல்லது.

அப்புறம் ரோடியோ. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் கைதிகள் வருகிறார்கள். ஓர் ஆட்டத்தில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, காளையை அவிழ்த்துவிடுகிறார்கள். கடைசிவரை எழுந்திருக்காதவருக்குப் பரிசு. இன்னொன்றில் காளையின் நெற்றியில் கட்டிய சில்லைப் பறிக்க வேண்டும். ஜல்லிக்கட்டு போலத்தானே என்றார் நண்பர். ஜல்லிக்கட்டில் இறங்குகிறவன் சின்ன வயதிலிருந்து மாட்டோடு பழகியவன், இவர்களில் பலர் முன்பின் காளைப் பக்கமே போகாதவர்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. 2 சென்ட் கூலிக்காரனுக்கு முன்னால் சில நூறு டாலரை நீட்டினால் அவன் என்ன முடிவெடுப்பான்?

வாசலுக்கு வெளியே உள்ள அருங்காட்சியகத்தையும் பாருங்கள். 18,000 ஏக்கர், மூன்று பக்கமும் மிசிசிப்பி ஆறு. முன்பு அடிமைகள் வேலை செய்த தோட்டம் இது. அந்த அடிமைகளின் ஊரான, ஆப்பிரிக்காவிலுள்ள அங்கோலாவின் பெயரே நிலத்துக்கு நிலைத்துவிட்டது. 1865-இல் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் மட்டும் பரவாயில்லை என்று ஒரு விலக்கை விட்டுவைத்தது. அந்த ஓட்டை வழியாகக் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தார் சாமுவேல் ஜேம்ஸ் என்ற முன்னாள் ராணுவ மேஜர். அவர்களை இதே நிலத்தில் இறக்கினார். 1901-இல் மாநிலமே பொறுப்பை எடுத்துக்கொண்டது. இன்றும் குதிரைமேல் காவலர், வயலில் வெண்டைக்காய் பறிக்கும் கைதிகள். பெரும்பாலோர் கறுப்பர்கள். வெயில் கொடுமை பற்றி 2023-இல் வழக்குப் போட்டார்கள். மாநில அரசியல் சட்டத்தில் உள்ள இதே விலக்கை நீக்கலாமா என்று 2022-இல் லூசியானாவில் ஓட்டெடுப்பு நடந்தது, வேண்டாம் என்றே வந்தது. அதே நாளில் தெற்கு மாநிலங்களான அலபாமாவும் டென்னசியும் நீக்கிவிட்டன. கைதிகள் அடிமைகளாகும் எதிர்காலத்தைப் பற்றிக் கற்பனைக் கதை எழுதுகிறவர்களுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

காளை ஆட்டத்துக்கு நான் நட்சத்திரமே தரமாட்டேன். சந்தைக்கும் ஆட்டத்துக்கும் ஒரே டிக்கெட்தான். சந்தை காலையிலேயே திறந்துவிடும், ஆட்டம் மதியத்துக்கு மேல். சீக்கிரம் போய் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நாற்காலி வாங்கும் எண்ணமிருந்தால் பெரிய வண்டியில் போங்கள், சின்னக் காரின் டிக்கியில் அது ஏறாது.