கீபாஸ் கோப்பைக் கிளவுடில் வைப்பதா, சிங்க்திங்கா, பிட்வார்டனா?

போனிலும் லேப்டாப்பிலும் ஒரே கடவுச்சொல் பெட்டகம் வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் போய் நிற்கிறார்கள். கீபாஸ் என்ற கடவுச்சொல் மென்பொருள் பெட்டகத்தைச் சேமித்துவைக்கும் கேடிபிஎக்ஸ் கோப்பை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிளவுடில் போட்டுவைப்பது ஒன்று. அதே கோப்பைக் கிளவுடே இல்லாமல் சிங்க்திங் மூலம் சாதனத்துக்குச் சாதனம் அனுப்பிக்கொள்வது இன்னொன்று. கோப்பைக் கட்டி மேய்க்கும் வேலையே வேண்டாமென்று பிட்வார்டன் மாதிரி ஒரு சேவைக்குப் போய்விடுவது மூன்றாவது.

"கிளவுடில் போட்டால் திருடுபோய்விடாதா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். திருடுபோகும் என்றே வைத்துக்கொள்வோம். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற கடவுச்சொல் சேவையில் பெட்டகங்களின் காப்பு நகல்களையே அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை நீளமாக வைத்திருந்தவருக்கும், பழைய கணக்கு என்பதால் பிபிகேடிஎஃப்2 சுற்றுகள் (பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பதை மெதுவாக்கும் கணக்கீடுகள்) 5,000-த்திலேயே நின்றுபோனவருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை. தளங்களின் முகவரிகள் வேறு மறையாக்கம் இல்லாமல் கிடந்தன. கேடிபிஎக்ஸில் முகவரி உட்பட எல்லா பதிவுகளும் பூட்டுக்குள்தான் இருக்கும்.

ஆக, கோப்பு எந்த வழியாகப் பயணிக்கிறது என்பதைவிட எப்படிப் பூட்டியிருக்கிறது என்பதுதான் திருட்டு விஷயத்தில் முக்கியம். கேடிபிஎக்ஸ் கோப்பைத் திறக்கும் கணினிச் செயலியான கீபாஸ் எக்ஸ்சியில் டேட்டாபேஸ் பாதுகாப்பு அமைப்பைத் திறந்து, வடிவம் கேடிபிஎக்ஸ் 4, சாவி உருவாக்கம் ஆர்கான்2 (ஊகிப்பதை மெதுவாக்க நினைவகத்தையும் நிறையக் கேட்கும் முறை) என்று இருக்கிறதா பாருங்கள். ஆர்கான்2-வின் நினைவக அளவை ஆசைக்கு 1 ஜிபி என்று ஏற்றிவிட்டால் ஐபோனில் தானாக நிரப்பும் வசதி படுத்துவிடும்; அந்த வசதிக்கு ஐஓஎஸ் கொடுக்கும் நினைவகம் கொஞ்சம்தான். 64 எம்பி போதும், குறையை மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளத்தில் ஈடுகட்டலாம். பாஸ்வேர்டோடு சேர்த்துக் காட்டினால்தான் பெட்டகம் திறக்கும்படி கூடவே ஒரு சாவிக்கோப்பு வைத்தால், அதை ஒவ்வொரு சாதனத்துக்கும் கேபிள் வழியாக ஒரே ஒருமுறை ஏற்றுங்கள். பெட்டகம் கிடக்கும் கிளவுட் ஃபோல்டரிலேயே அதையும் போடுவதற்குப் பதில் சாவிக்கோப்பு இல்லாமலே இருக்கலாம்.

கிளவுடுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மாஸ்டர் பாஸ்வேர்டை இன்று மாற்றினாலும், கிளவுடின் பதிப்பு வரலாற்றில் இருக்கும் நேற்றைய நகல் பழைய பாஸ்வேர்டில்தான் திறக்கும். பழையது கசிந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் மாற்றுகிறீர்கள் என்றால் அந்த நகல்களை நீக்கவேண்டும்; உள்ளே இருக்கும் முக்கியமான கடவுச்சொற்களையும் மாற்றவேண்டும்.

நடைமுறையில் நம்மைப் படுத்துவது திருடன் அல்ல, மோதல். போனில் இணையம் இல்லாதபோது ஒரு பதிவு சேர்க்கிறீர்கள். அதற்குள் லேப்டாப்பில் வேறொன்று சேர்ந்திருக்கிறது. இப்படி மோதும்போது சிங்க்திங் எதையும் அழிக்காது. முந்திய நேரத்தில் சேமித்த கோப்பின் பெயரில் 'சிங்க்-கான்ஃபிளிக்ட்' என்று தேதியோடு ஒட்டி ஓரமாக வைத்துவிடும். அந்தப் பக்கம் நீங்கள் எட்டிப்பார்க்காவிட்டால் போனில் சேர்த்த பதிவு காணாமல் போனது மாதிரிதான். கீபாஸ் எக்ஸ்சியில் பெட்டகத்தைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் உள்ள இணைப்பு வசதியில் அந்தக் கோப்பைக் காட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே பதிவை இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் கடைசியாகத் திருத்தியது மேலே நிற்கும், மற்றது அந்தப் பதிவின் வரலாற்றுக்குள் போகும். சாதனங்களின் கடிகாரம் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். டிராப்பாக்ஸும் இதேபோல் முரண்பட்ட நகல் ஒன்றை உருவாக்கும். ஆண்ட்ராய்டில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு என்றால் கிளவுட் கோப்பை நேரடியாகத் திறந்து, சேமிக்கும்போது தானே இணைத்துக்கொள்ளும். கிளவுட் வழியில் போகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

சிங்க்திங்கில் இன்னொரு சங்கடம்: இரண்டு சாதனங்களும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டும். எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கணினி வீட்டில் இருந்தால் அருமை, இல்லையென்றால் இழுபறி. ஆண்ட்ராய்டுக்கான அதிகாரப்பூர்வச் செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள்; அதிலிருந்து பிரித்து வேறு ஆட்கள் நடத்தும் கிளைச் செயலியைத்தான் நம்பவேண்டும். அப்புறம், ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. லேப்டாப்பில் கோப்பை அழித்தால் போனிலும் அழியும். ஃபோல்டர் அமைப்பில் கோப்புப் பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பிட்வார்டனில் இந்த ரகளை கிட்டத்தட்ட இல்லை. முழுக் கோப்பாக அல்லாமல் பதிவு பதிவாக ஒத்திசைகிறது. இணையம் இல்லாதபோது பார்க்கலாம், திருத்த முடியாது. பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் பிபிகேடிஎஃப்2 சுற்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது நல்லது. 2023 முதல் இயல்பு அளவு 6,00,000. பிட்வார்டன் செயலிகளோடு வேலைசெய்யும் வால்ட்வார்டன் என்ற சர்வர் மென்பொருளைச் சொந்த சர்வரில் ஓட்டுவேன் என்பவர்களுக்கு ஒரே கேள்வி: அப்டேட்டும் பேக்கப்பும் யார் பார்ப்பது?

தனி ஆள், ஆண்ட்ராய்டு போன் என்றால் கிளவுடில் கேடிபிஎக்ஸ், கூடவே சாவிக்கோப்பு என்பேன். குடும்பத்தோடு பகிர வேண்டுமா, யோசிக்காமல் பிட்வார்டன். சிங்க்திங் அருமையான மென்பொருள்தான், ஆனால் மோதல் கோப்பைத் தேடிப்பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு நான் சொல்லமாட்டேன்.

எந்த வழி என்றாலும் போன் தொலைந்த நாளை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கிளவுட் கணக்கின் கடவுச்சொல் பெட்டகத்துக்குள், பெட்டகம் கிளவுடுக்குள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு தொலைந்த போனுக்குள் என்று இருந்தால் உங்களாலேயே உள்ளே போக முடியாது. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடும் மாஸ்டர் பாஸ்வேர்டும் ஒரு தாளில் எழுதி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். சாவிக்கோப்பின் நகல் ஒரு பென்டிரைவில் தனியாக இருக்கட்டும்.