கேரிங்ஸ் தத்தெடுப்புத் தளம்: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு எப்படி?

நாகர்கோவிலில் இருந்து விண்ணப்பித்தாலும் துபாயில் இருந்து விண்ணப்பித்தாலும், மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா நடத்தும் கேரிங்ஸ் இணையதளத்தில் முன்னுரிமை ஒன்றுதான். என்.ஆர்.ஐ. என்பதற்காக யாரையும் பின்னால் தள்ளுவதில்லை. வித்தியாசம் தேதியில். இங்கே வசிப்பவருக்கு, ஆவணங்களை ஏற்றிப் பதிவை முடித்த நாளிலேயே வரிசையில் மூப்பு தொடங்கிவிடும். சமூகப் பணியாளர் வீட்டையும் குடும்பத்தையும் பார்த்து எழுதும் ஹோம் ஸ்டடி அறிக்கை பிறகு வந்தால் போதும். என்.ஆர்.ஐ.க்கு அந்த அறிக்கையும் சேர்ந்து தளத்தில் ஏறிய நாளிலிருந்துதான் கணக்கு. அறிக்கை நான்கு மாதம் தாமதமானால் வரிசையிலும் நான்கு மாதம் போயிற்று.

அப்படியானால் யார் என்.ஆர்.ஐ.? இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மனைவி மார்த்தாண்டத்தில், கணவர் மஸ்கட்டில் என்று வாழும் வீடுகள் இந்த மாவட்டத்தில் தெருவுக்கு நாலு. ரேஷன் கார்டு இங்கே இருக்கிறது, ஆதார் இங்கே இருக்கிறது என்று உள்நாட்டுப் பிரிவில் பதிந்துவிடுகிறார்கள். தளமும் தடுக்காது. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இருவரையும் பேசவைக்கும் நாளில்தான் சிக்கல் வெளியே வரும். எந்தப் பிரிவு என்பதைப் பதிவுக்கு முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டுவிடுங்கள்.

நாடு விட்டு நாடு தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு வழி தெளிவு: அங்கே அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி அல்லது அந்நாட்டின் மைய அமைப்பு ஹோம் ஸ்டடி எடுத்து ஏற்றும். அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எதுவும் அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கிருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தைத்தான் நாட வேண்டும். குழந்தைக்கு அந்த நாட்டில் குடியிருப்பு விசா கிடைக்குமா என்பதைக் குழந்தை கைக்கு வந்த பிறகு யோசிப்பவர்கள் உண்டு. அதை முதல் வாரத்திலேயே கேட்க வேண்டும்.

இனி காகிதங்கள். பான் கார்டு, பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, மருத்துவச் சான்று, குடும்பப் படம். இதில் அரபியில் இருக்கும் சம்பளச் சான்றை மொழிபெயர்க்க வேண்டும். பட்டியல் சின்னதுதான், திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் பெயரால். நம் ஊர் வழக்கப்படி இனிஷியல் முன்னால் நிற்கும், சிலருக்கு வீட்டுப் பெயரும் சேர்ந்து இரண்டு இனிஷியல். பாஸ்போர்ட்டில் அதுவே விரிந்து குடும்பப் பெயராகிவிடும், பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். பாஸ்போர்ட்டை அளவுகோலாக வைத்து, திருத்த எளிதான பான் கார்டை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். கோயிலிலோ சர்ச்சிலோ நடந்த திருமணமாக இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகப் பதிவுச் சான்று கையில் இருப்பது நல்லது.

மருத்துவச் சான்றும் அடிக்கடி திரும்பும். 'உடல் தகுதி உடையவர்' என்ற ஒற்றை வரி போதாது. நாள்பட்ட, தொற்றக்கூடிய, உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, தத்தெடுக்கத் தகுதியானவர் என்று கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆவணங்களை ஏற்ற உள்நாட்டினருக்கு 30 நாள். ஈ-சேவை மையத்தில் கொடுத்து ஏற்றினால், படிக்க முடியாத மங்கல் ஸ்கேனாக இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

வயதுக் கணக்கும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமானால் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக்கூடாது. தனி நபருக்கு 40. இரண்டு முதல் நான்கு வயது வரை 90, தனி நபருக்கு 45. தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும்.

கட்டணத்தில் ஒளிவுமறைவு இல்லை, இதுதான் இந்தச் சேவையின் பெரிய பலம். உள்நாட்டில் பதிவுக்கும் ஹோம் ஸ்டடிக்கும் 6,000 ரூபாய், குழந்தைப் பராமரிப்பு நிதிக்கு 50,000, தத்தெடுத்த பிறகு வந்து பார்க்கும் பின்தொடர் வருகை ஒவ்வொன்றுக்கும் 2,000. வெளிநாட்டுக்குப் போகும் தத்தெடுப்புக்கு 5,000 டாலர். இதற்கு மேல் யாராவது 'சீக்கிரம் முடித்துத் தருகிறேன்' என்று கேட்டால், அது கேரிங்ஸ் அல்ல, குழந்தை விற்பனை.

காத்திருப்புதான் பலவீனம். ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கு மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. 2024-25இல் நாடு முழுவதும் நடந்த தத்தெடுப்பு 4,515. காத்திருப்போர் எண்ணிக்கை பல மடங்கு. இதற்குள் இன்னொரு முரண்: ஹோம் ஸ்டடி அறிக்கைக்கு ஆயுள் மூன்று ஆண்டு. உங்கள் முறை வரும் நேரத்தில் அறிக்கை காலாவதியாகி நிற்கும். தேதியைக் காலண்டரில் குறித்து, முடியும் முன்பே புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

முறை வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ், அவகாசமே இருக்காது. தளம் காட்டும் குழந்தையை உள்நாட்டினர் 48 மணி நேரத்தில் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும், என்.ஆர்.ஐ.க்கு 96 மணி நேரம். கல்ஃப் போகும்போது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இந்திய சிம் எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றினால் அன்றே தளத்திலும் மாற்றுங்கள்.

முன்பு நீதிமன்றம் தந்த தத்தெடுப்பு உத்தரவை 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஆனால் நாகர்கோவில் கலெக்டரேட்டில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். தத்துக்குக் கொடுக்கும் குழந்தைகளைப் பராமரிக்கும் தத்துவள மையம் எந்த மாவட்டமோ, அந்த ஆட்சியர்தான். சட்டம் அவருக்குத் தரும் அவகாசம் இரண்டு மாதம்.

கேரிங்ஸுக்குப் போகாமல் ஸ்டாம்ப் பேப்பரில் பத்திரம் எழுதித் தத்தெடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். அதற்கு இடம் தரும் இந்து தத்தெடுப்புச் சட்டம், 1956 கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொருந்தாது. நம் மாவட்டத்தில் பாதிக் குடும்பங்களுக்கு அந்த வழியே இல்லை என்று அர்த்தம். இந்துக் குடும்பத்திலும் பத்திரத்தை மட்டும் வைத்து வெளிநாட்டு விசா கேட்டால் நகராது. காராவின் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்கு முன் மாவட்ட ஆட்சியரின் சரிபார்ப்பு.

சொந்தத்தில் எடுப்பதற்குத் தனி வழி இருக்கிறது. பெற்றோரின் உடன்பிறப்புகளும் தாத்தா பாட்டியும்தான் சட்டப்படி உறவினர். ஒன்றுவிட்ட மாமா, சித்தி கணக்கில் வரமாட்டார்கள். பெற்ற பெற்றோரின் சம்மதமும், ஐந்து வயது தாண்டிய குழந்தையின் சம்மதமும் வேண்டும்.

எதிர்த்திசையில், அதாவது வெளிநாட்டுக் குழந்தையை இந்தியர் எடுப்பதென்றால், முதல் பாதி முழுவதும் அந்த நாட்டுச் சட்டப்படி அங்கேயே முடிய வேண்டும். ஹோம் ஸ்டடி, குழந்தை ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றையும் பார்த்துத்தான் காரா ஒப்புதல் தரும். குழந்தை வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருவதால் இந்தியத் தூதரகத்தில் நுழைவு விசா, உள்துறை அமைச்சகத்தில் குடியேற்ற அனுமதி என்று இன்னும் இரண்டு கதவுகள்.

கேரிங்ஸுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண். ஒன்று காத்திருப்புக்காகக் குறைத்தது, இன்னொன்று கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலும் இருக்கும் வீடுகளை மனதில் வைக்காத படிவங்களுக்காக. உள்நாட்டில் தத்தெடுத்து, இரண்டு ஆண்டுக்குள் குழந்தையோடு கல்ஃப் போகிறவர்கள், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். டிக்கெட் போடும் அன்றே அந்த மின்னஞ்சலையும் அனுப்பிவிடுங்கள்.