ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு பழைய 110 சிசி ஸ்கூட்டர்: நான்கு ஆண்டுகள் ஓட்டிய பிறகு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் போய்வர வேண்டிய கணக்கு எழுதும் வேலை கிடைத்தபோது, 2020-ஆம் ஆண்டின் இறுதியில், 24,000 கிலோமீட்டர் ஓடியிருந்த 2016-ஆம் ஆண்டு ஸ்கூட்டர் ஒன்றை 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்புரேட்டர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், பத்து அங்குலச் சக்கரங்கள், செல்ஃப், கிக்கர் என எல்லாம் எளிமையாக அமைந்த வண்டி அது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை இங்கே எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் வந்த 110 சிசி ஸ்கூட்டர்களின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், நான் சொல்லப்போகும் குறைநிறைகளில் பெரும்பகுதி அந்த வகை முழுவதற்கும் பொருந்தும். இன்று மீட்டர் 61,000-ஐத் தாண்டி நிற்கிறது.

நகருக்குள் இதைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. செவ்வாய்ப்பேட்டையின் நெரிசலிலும் ஐந்து ரோட்டு சிக்னலிலும் இதைவிட வசதியான வண்டி இந்த விலைக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது. காலடியில் ஒரு அரிசிச் சிப்பம் நிற்கும். மலை ஏறத் தொடங்கியதும்தான் இது வேறு வண்டியாகிவிடுகிறது.

அடிவாரச் சோதனைச்சாவடியைக் கடந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்க, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமாகக் குறைந்துவிடுவதால், எஞ்சினின் இழுவையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைகிறது. கார்புரேட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது. கீழே எவ்வளவு பெட்ரோல் விட்டதோ அதே கணக்கில் மேலேயும் விடும். ஆகவே மலையில் அதிகம் ஓடும் வண்டியில், தீப்பொறி தரும் பிளக் கரி பிடித்துக் கறுப்பது இயல்பு. பிளக்கின் முனை காபிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சினுக்குள் எல்லாம் சரியாக எரிகிறது என்று பொருள். வறண்ட கரியாக இருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கப்படும் ஸ்கூட்டர்களில் பெட்ரோல் அளவை மின்னணுக் கருவி பார்த்துக்கொள்வதால் இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. ஆனால் நடுவழியில் நின்றுவிட்டால், என் வண்டியை ஒரு திருப்புளியும் பிளக் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு நானே கிளப்பிவிட முடியும் என்பதால், பழையதை மாற்ற எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இந்த வண்டியின் உண்மையான பலவீனம் எஞ்சினில் இல்லை, இடது பக்க மூடிக்குள் ஓடி, எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டில் இருக்கிறது. முன்பக்கக் கப்பியான வேரியேட்டரில் உள்ள ரோலர்கள் வேகம் கூடக்கூட வெளியே நகர்ந்து பெல்ட்டை மேலே தள்ள, அதற்கேற்பப் பின்பக்கக் கப்பியில் பெல்ட் கீழே இறங்குகிறது. கியர் மாற்றும் வேலையை இவை தாமாகவே செய்துகொள்கின்றன. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் முறுக்கி, மணிக்கு 25 கிலோமீட்டரில் அரைமணி நேரம் போனால், பெல்ட் முன்பக்கத்தின் மிகச் சிறிய வட்டத்திலேயே வளைந்து வளைந்து சூடாகிறது. கையேடு 20,000 கிலோமீட்டருக்கு மேல் உழைக்கும் என்று சொன்ன பெல்ட், என்னிடம் 18,000-இலேயே தேய்ந்து ஒல்லியாகிவிட்டது. தேய்ந்ததற்கான அடையாளங்களை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்: எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை; சமதளத்தில் 75-இல் போனது 60-ஐத் தாண்ட மறுக்கிறது; பத்தாவது வளைவுக்கு மேல் ரப்பர் கருகும் வாடை வருகிறது. இந்த மூன்றையும் நான் எஞ்சின் பழுது என்று எண்ணி இரண்டு மாதம் கார்புரேட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெல்ட்டை மாற்றும்போது ரோலர்களையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், புதிய பெல்ட் போட்டும் வண்டி விட்டுவிட்டு இழுக்கும். இவற்றோடு இன்னொரு தொல்லையும் உண்டு: மே மாதக் கோடை விழாவின்போது பேருந்துக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தால், வேகம் கூடும்போது விரிந்து எஞ்சினைச் சக்கரத்தோடு இணைக்கும் கிளட்ச் முழுவதும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்து, அதன் ஷூக்கள் கண்ணாடிபோல் பளபளத்துவிடுகின்றன. பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வண்டி உதறும். அதற்குப் புதிய கிளட்ச் வாங்கத் தேவையில்லை. ஷூக்களையும் அவை பிடிக்கும் கிண்ணம் போன்ற பெல்லின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்தாலே பெரும்பாலும் உதறல் நின்றுவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் நான் இந்த வண்டிக்குக் குறைந்த மதிப்பெண் தருகிறேன். கியர் வண்டியை இரண்டாவது கியரில் போட்டு எஞ்சினின் பிடியிலேயே இறக்கிவிடலாம். ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால், வேகம் ஓர் அளவுக்குக் கீழே வந்ததும் கிளட்ச் விரிவது நின்று எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துபோகிறது. அந்தக் கணத்திலிருந்து வண்டி மிதிவண்டியைப்போல் உருள்கிறது. வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு நொடி இலேசாக முறுக்கி விட்டால் கிளட்ச் மறுபடி பிடித்துக்கொண்டு, எஞ்சின் கொஞ்சமாவது தடுத்து நிறுத்தும் என்பதைப் பட்டறைக்காரர் ஒருவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதையறியாத முதல் ஆண்டில், 60 அடி பாலத்தை நெருங்கும்போது பின் பிரேக்கின் லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்க மறுத்த அனுபவம் எனக்கு உண்டு. இடைவிடாமல் பிடித்ததில் டிரம் சூடாகி விரிந்து, ஷூவின் பிடிப்பும் குறைந்ததே காரணம். ஓரமாக நிறுத்திக் கால்மணி நேரம் காத்திருந்ததில் பிரேக் தானாகவே திரும்பியது. அப்போது கையிலிருந்த தண்ணீரைச் சூடான டிரம்மில் ஊற்றத் தோன்றும், ஊற்றக் கூடாது. இப்போதெல்லாம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல், வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து உடனே விட்டுவிடுகிறேன். 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இரு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. என்னுடையது அதற்கு முந்தையது என்பதால் அந்த வேலையை என் இரு கைகளும்தான் செய்ய வேண்டும்.

கிளம்பாத காலைகள் இந்த வண்டியிலும் உண்டு, ஆனால் அவற்றின் காரணம் பெரும்பாலும் மலிவானதாகவே இருக்கிறது. ஒருமுறை செல்ஃப் பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. நகரிலுள்ள சர்வீஸ் நிலையம் ஒன்றில் பேட்டரியை மாற்றினார்கள். அதற்கும் சரியாகாததால் செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கிருந்த அண்ணன், பிரேக்கைப் பிடித்தபடி பின்விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தார், எரியவில்லை. பிரேக் பிடித்திருந்தால்தான் செல்ஃபுக்கு மின்சாரம் போகும் என்பதால், லீவரின் அடியிலிருந்த சின்ன சுவிட்சை மாற்றியதும் வண்டி கிளம்பிவிட்டது. செலவு நூறு ரூபாய்க்குள். நான் அதற்குப் பிறகு வேறு பட்டறைக்குப் போகவில்லை.

பத்து நாள் ஓட்டாமல் நிறுத்தினால் கிளம்ப அடம்பிடிப்பது கார்புரேட்டர் வண்டிகளுக்கு உள்ள பொதுக்குணம். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைத்துவிடுகிறது. காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டால் ஓடி, எடுத்தால் அணைகிறது என்றால் அந்தத் துளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலைந்து கிலோமீட்டரில் அணைந்து, பெட்ரோல் மூடியைத் திறந்து மூடியதும் கிளம்புகிறது என்றால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. இதற்கு ஓர் ஊசி போதும்.

பராமரிப்பில் நான் விட்டுக்கொடுக்காதவை எஞ்சின் ஆயிலும் ஏர் ஃபில்டரும். மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கச் சாலைகளில் அடிக்கடி போவதால், என் ஏர் ஃபில்டர் கையேடு சொன்ன காலத்துக்குப் பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது. ஆயிலைப் பொறுத்தவரை, ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் மூழ்காதது என்பதால் 10டபிள்யூ-30 என்ற தடிமன் அளவில் ஜாசோ எம்பி என்ற தரக்குறி அச்சிட்ட டப்பாவைக் கேட்டு வாங்குகிறேன். ஒருமுறைக்கு 700 மில்லி ஆகும். பின்சக்கரத்தருகே தனியாக 100 மில்லி அளவில் கியர் ஆயில் இருப்பது பல பட்டறைகளில் நினைவுக்கே வருவதில்லை. முந்தைய உரிமையாளர் அதை ஒருமுறைகூட மாற்றியதில்லை என்பது, வடித்தபோது வந்த கரிய குழம்பைப் பார்த்ததும் தெரிந்தது.

மலையும் நகரும் சேர்த்துப் பார்த்தால் லிட்டருக்கு 38 கிலோமீட்டர் வருகிறது. இரண்டு பெல்ட், இரண்டு முறை பிரேக் ஷூ, ஒரு பின் டயர் என்ற கணக்கில் நான்கு ஆண்டுச் செலவைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஒருவர் மட்டும் ஓட்டுவதானால் தாராளமாக வாங்கலாம். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்க வேண்டியவர் கியர் வண்டியைப் பார்ப்பது நல்லது; என் மனைவியுடன் இறங்கிய இரண்டு முறையும் குப்பனூர் வழியாகப் பாதித் தூரத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் வந்தேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், பெயிண்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்பு, இடது பக்க மூடியைக் கழற்றிப் பெல்ட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு விற்றவர் அதற்கு மட்டும் ஸ்பேனர் இல்லை என்றார், வாங்கிய மறுமாதமே நான் பெல்ட் மாற்ற வேண்டியிருந்தது.