ரூகருக்குத் தனி கிரிப் ஃபிரேம்: அலுமினியம், ஸ்டீல், பித்தளை – கடைசி அரம் யார் கையில்?

அமெரிக்காவில், ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தே சுட வேண்டிய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், குழலைப் பற்றியோ சிலிண்டரைப் பற்றியோ அதிகம் குறை வராது. கைப்பிடியைப் பற்றி வராமல் இருக்காது. நடுவிரல் கணுவில் அடிபடுகிறது, சுண்டுவிரலுக்கு இடமில்லை, சுடும்போது உள்ளங்கையில் உருள்கிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தக் குறைகளை நம்பி அங்கே ஒரு சின்னத் தொழில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருவரோ இருவரோ நடத்தும் பட்டறைகள், தொழிற்சாலை கொடுத்த கிரிப் ஃபிரேமைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள வேறு ஃபிரேம் செய்து விற்கின்றன. பிடியின் இரு பக்கமும் இருக்கும் மரத்துண்டுகள் எதன்மேல் உட்காருகின்றனவோ, அந்த உலோகப் பாகம்தான் கிரிப் ஃபிரேம். முதுகுப்பட்டை, முன்பட்டை, டிரிக்கரைச் சுற்றி வளையமாக நிற்கும் டிரிக்கர் கார்டு எல்லாம் அதில் சேர்த்தி.

இதில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த உலோகம் என்றுதான். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. ஃபிரேமும் துப்பாக்கியும் சேரும் விளிம்பில் துருத்தி நிற்கும் உலோகத்தை அரம் போட்டு எடுக்கப்போவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நீங்களா, வாங்குபவரா, அவருக்குத் துப்பாக்கி வேலை செய்து கொடுக்கும் கன்ஸ்மித்தா? உலோகம், செய்முறை, உரிமம், விலை எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

எந்தத் துப்பாக்கிக்கு

கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி 1873-இல் வந்தது. அதன் பிடி அதற்கும் பழையது, 1851 நேவி ரிவால்வரின் வடிவம். கலப்பையின் மேழி மாதிரி கீழ்நோக்கி வளைந்து போகும். முதுகுப்பட்டை தனி, டிரிக்கர் கார்டு தனி; இரண்டையும் ஆறு திருகுகள் பிடித்திருக்கும். பட்டறைக்காரருக்கு இது இரட்டை வேலை. இரண்டு பாகமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பிறகு சேர்ந்து துப்பாக்கியோடும் பொருந்த வேண்டும். போதாக்குறைக்கு உபெர்ட்டி, பியெட்டா போன்ற இத்தாலிய நகல்கள் வேறு. பார்வைக்கு ஒன்றாக இருக்கும், பாகங்கள் அப்படியே மாறாது. எந்தத் துப்பாக்கி என்று கேட்காமல் விற்க முடியாத பொருளாகிவிடுகிறது.

ரூகர் துப்பாக்கி நிறுவனத்தின் பில் ரூகர் 1953-இல் சிங்கிள்-சிக்ஸ் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது கோல்ட்டின் வடிவத்தை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் ஒரே அலுமினிய வார்ப்பாக்கினார். ஐந்து திருகைக் கழற்றினால் ஃபிரேம் தனியாக வந்துவிடும். அடுத்து 1955-இல் பிளாக்ஹாக், 1959-இல் சூப்பர் பிளாக்ஹாக். சந்தையும் ரூகர் பக்கம்தான். கோல்ட் வைத்திருப்பவர் அதில் கைவைக்கத் தயங்குவார். ரூகர் வாங்குபவர் வாங்கும்போதே எதை மாற்றலாம் என்று யோசிப்பார். எனவே ரூகரையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை: 1973-இல் வந்த நியூ மாடலுக்கும் அதற்கு முந்தைய, பக்கவாட்டில் மூன்று திருகு தெரியும் மாடலுக்கும் உள்ளமைப்பு வேறு. ஒன்றுக்குச் செய்த ஃபிரேம் மற்றதில் அப்படியே உட்காராது. விளம்பரத்தின் முதல் வரியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்த வடிவம்

ரூகரிடமே முக்கியமாக நான்கு வடிவங்கள் புழங்குகின்றன. கோல்ட் அளவில் உள்ள பழைய எக்ஸ்.ஆர்.3. டிரிக்கர் கார்டுக்குப் பின்னால் விரலுக்கு இடம் கூட்டி 1963 வாக்கில் வந்த எக்ஸ்.ஆர்.3-ரெட். நீளம் கூடிய, கார்டின் பின்பக்கம் சதுரமாக இருக்கும் சூப்பர் பிளாக்ஹாக்; .44 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும்போது நடுவிரல் கணுவைப் பதம் பார்ப்பது அந்தச் சதுரம்தான். நான்காவது, 1980-களின் நடுவில் வந்த பிஸ்லி. மேழி வடிவம் உதைப்பைக் கைக்குள் உருட்டி விடுகிறது, குழல் மேலே எழும்புகிறது. பிஸ்லியின் முதுகு நிமிர்ந்து, மேல்வரை ஏறி நிற்பதால் உதைப்பு நேராக உள்ளங்கைக்கு வருகிறது. கன்ஸ்மித் ஜான் லைன்பா தன் .500, .475 தோட்டாக்களுக்கான துப்பாக்கிகளை ரூகர் பிஸ்லியின் மேல் கட்டியதற்குக் காரணம் இதுவே.

தொழிற்சாலை செய்வதையே திருப்பிச் செய்து விற்பதில் லாபமில்லை. காலியாக இருக்கும் இடம் எல்மர் கீத்தின் 5-ஆம் எண் வடிவம். ஐடஹோ எழுத்தாளரான கீத் 1920-களின் கடைசியில் தனக்கென்று கட்டவைத்த ரிவால்வர் அது. ரூகருக்கு முன்பே அதே பெயரில் இருந்த கோல்ட் பிஸ்லியின் முதுகுப்பட்டையை வளைத்துச் சரிசெய்து, சாதாரண கோல்ட்டின் டிரிக்கர் கார்டோடு சேர்த்தது அதன் பிடி. சின்னக் கைக்கும் பெரிய கைக்கும் ஒத்துப்போகும் என்று பெயர் வாங்கியது. கேட்டு வாங்க ஒரு கூட்டம் இன்றும் இருக்கிறது.

ஒரு சிக்கலும் உண்டு. எக்ஸ்.ஆர்.3-ரெட் அளவில் செய்தால் வாங்குபவர் ஏற்கெனவே வைத்திருக்கும் மரத்துண்டுகளை மாட்டிக்கொள்வார். 5-ஆம் எண் வடிவத்துக்கு மரத்துண்டு கடையில் கிடைக்காது. மர வேலைக்காரர் ஒருவரைக் கூட்டுச் சேர்க்காமல் அந்த ஃபிரேமை விற்றால் வாங்குபவர் கையில் வெறும் இரும்பு வளையம்தான் இருக்கும்.

உலோகங்கள்

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஸ்டீலுக்கு ஏறக்குறைய 7.8, பித்தளைக்கு 8.5. அதே வடிவத்தை ஸ்டீலில் செய்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறுபவருக்கு அலுமினியம் நல்லது. ஆனால் தொழிற்சாலை அலுமினிய ஃபிரேமைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்க வருபவர், பெரும்பாலும் அலுமினியம் வேண்டாம் என்றுதான் வருகிறார். மின்சார முறையில் ஏற்றிய அனோடைஸ் கறுப்பு, விளிம்புகளில் தேய்ந்து வெள்ளை தெரிய ஆரம்பித்துவிடும். ஸ்டீல் மாதிரி அதற்கு ப்ளூயிங்கும் (நீலக்கறுப்பு நிறம் ஏற்றுவது) செய்ய முடியாது. சூடான ப்ளூயிங் தொட்டியில் இருப்பது காஸ்டிக் சோடா கலந்த உப்பு. அலுமினியத்தை இறக்கினால் அரித்துத் தின்றுவிடும். அனோடைஸ் செய்த அலுமினியத்தைப் பொருத்தும்போது அரம் பட்டாலும் தொல்லைதான், பட்ட இடத்தில் கறுப்பு போய்விடும், மறுபடி முழுசும் அனோடைஸ் செய்ய வேண்டும். பொருத்தும் வேலை கொஞ்சமாவது தேவைப்படும் பொருளுக்கு இது பெரிய குறை.

பித்தளையில் வேலை செய்வது சுகம். சி360 ரகப் பித்தளையின் வெட்டுமைக்கு (எவ்வளவு எளிதில் வெட்டலாம் என்ற அளவுக்கு) 100 என்று வைத்துத்தான் மற்றச் செம்புக் கலவைகளை அளக்கிறார்கள். பார்க்கவும் அழகு. 1851 நேவியில் வெள்ளி முலாம் பூசிய பித்தளைப் பட்டைகள்தான் இருந்தன, ஆகவே பழமைப் பிரியர்கள் விரும்புவார்கள். பழைய மேற்கத்திய பாணித் துப்பாக்கிகளால் சுடும் கௌபாய் ஆக்‌ஷன் போட்டிக்காரர்கள் மருந்து குறைத்த தோட்டா சுடுபவர்கள், அவர்களுக்குப் போதும். அம்மோனியா கலந்த குழல் துப்புரவுத் திரவம் பித்தளையில் படக்கூடாது என்று ஒரு தாள் எழுதிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். .44 மேக்னத்துக்கு மேலே போகிறவருக்குப் பித்தளையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது.

டைட்டானியம் கேட்பவர்கள் உண்டு. விலையைச் சொன்னதும் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

மிஞ்சுவது ஸ்டீல். அதிலும் 17-4 என்ற ஸ்டெயின்லெஸ் ரகம். எளிதில் துருப்பிடிக்காது, பொருத்தி முடித்த பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்த்துப் பாலிஷ் ஏற்றலாம், மேலே எந்தப் பூச்சும் இல்லாததால் அரம் பட்ட இடம் தனியாகத் தெரியாது. ப்ளூ செய்த துப்பாக்கிக்காரர் வந்தால் அவருக்குச் சாதாரணக் கார்பன் ஸ்டீலில்தான் கொடுக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் அவர் தொட்டியில் நிறம் பிடிக்காது.

வெட்டுவதா, வார்ப்பதா

கெட்டித் தகட்டிலிருந்து கணினி இயக்கும் சி.என்.சி. எந்திரத்தில் வெட்டி எடுப்பதற்கு அச்சுச் செலவு கிடையாது. இன்று ஒன்று, அடுத்த மாதம் ஐந்து என்று செய்யலாம். வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் புரோகிராமை மாற்றினால் போதும். ஆனால் இந்தப் பாகம் நடுவில் வெறும் ஓட்டை, சுற்றிலும் மெல்லிய பட்டை. வாங்கிய தகட்டில் பெரும்பகுதி சுருள்சுருளாகக் குப்பைக்குப் போகும். பட்டை மெலிய மெலிய அதிரும். கட்டர் போன தடம் அலைஅலையாக விழும். மேல் பக்கம், அடிப்பக்கம், இரு விலா, சாய்வுத் துளைகள் என்று திருப்பித் திருப்பிக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு ஃபிக்ஸ்சர். முதுகின் உருண்டை வளைவைக் கடைசியில் கையால்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது.

மெழுகு வார்ப்பில் கணக்கு தலைகீழ். முதலில் மெழுகுக்கு ஒரு டை (உலோக அச்சு) வெட்டச் செலவாகும். பிறகு மெழுகு ஃபிரேம்களை ஒரு தண்டில் கொத்தாக ஒட்டி, செராமிக் குழம்பில் முக்கி, மணல் தூவி, காயவைத்து, மறுபடி முக்கி, ஓடு கெட்டியானதும் மெழுகை உருக்கி வெளியேற்றி, ஸ்டீலை ஊற்றுகிறார்கள். உருண்டை வளைவு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. ரூகரே வளர்ந்தது இந்த முறையில்தான். நியூ ஹாம்ப்ஷையரில் அவர்களுக்குச் சொந்தமாகப் பைன் ட்ரீ என்ற வார்ப்பாலை உண்டு, வெளியாருக்கும் வார்த்துக் கொடுக்கிறது.

வார்ப்பில் கவனிக்க வேண்டியது சுருக்கம். ஸ்டீல் ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் உயர ஃபிரேமில் அது இரண்டு மில்லிமீட்டர், அதாவது திருகு ஓட்டை இடம் தவறிப்போக அதுவே தாராளம். அதனால் துளைகளை வார்க்காமல், வார்த்த பிறகு ஜிக்கில் (துளையின் இடத்தைக் காட்டும் சட்டத்தில்) வைத்துத் துளைத்து மரை போடுவதே உத்தமம். இன்னொன்று: சுத்தியல் நிற்கும் இடத்துக்கு இரு பக்கமும் மேலே நீளும் இரண்டு காதுகள் ஆறும்போது விரியவோ ஒடுங்கவோ பார்க்கும். நடுவே ஒரு குறுக்குத் தண்டைச் சேர்த்து வார்த்துவிட்டு, கடைசியில் அறுத்து எடுத்துவிடலாம்.

இருபது முப்பது ஃபிரேமோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் வெட்டுவது. நூறைத் தாண்டும் என்று முன்பணம் வந்து சொன்னால் வார்ப்பது. நடுவில் இருப்பவர்தான் திண்டாடுகிறார்.

பொருத்தும் வேலை

ரூகர் தொழிற்சாலையில் துப்பாக்கியையும் கிரிப் ஃபிரேமையும் ஒன்றாகத் திருகிவைத்தே பாலிஷ் போடுகிறார்கள். எனவே ஒவ்வொரு துப்பாக்கியின் விளிம்பும் தலைமுடியளவு வேறு. ஒன்றில் இருக்கும் ஃபிரேமைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, சுத்தியலுக்குப் பக்கத்திலுள்ள இணைப்பில் நகத்தை ஓட்டினால் இடறும். ஒரு பக்கம் ஃபிரேம் மேலே நிற்கும், மறு பக்கம் துப்பாக்கி மேலே நிற்கும்.

அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்பவர் சராசரி அளவுக்குச் செய்கிறார். சிலருக்குச் சரியாக அமையும், சிலர் திருப்பி அனுப்புவார்கள். சற்று பெரிதாகச் செய்து பொருத்தி எடுத்துக்கொள்ளுங்கள் என்று விற்பவருக்கு வாங்குபவர்கள் குறைவு, ஆனால் பொருத்தி முடித்தால் இணைப்பே கண்ணுக்குத் தெரியாது. உலோகம் கூடுதலாக இருந்தால் எடுக்கலாம், குறைந்தால் ஒட்டவா முடியும்? நான் இரண்டாமவர் கட்சி. பிஸ்லி வடிவமென்றால் சுத்தியல், டிரிக்கர்கூட மாற வேண்டும், ஆகவே அது எப்படியும் கன்ஸ்மித் வேலைதான். கழற்றும்போது, சிலிண்டரைச் சுழற்றும் நெம்புகோலைத் தள்ளும் குட்டிப் ‘பால்’ (pawl) ஸ்பிரிங் துள்ளி மேஜைக்கடியில் ஓடும் என்பதையும் வீட்டிலேயே மாட்டப்போகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.

உரிமம் இங்கேதான் நுழைகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி என்று கணக்கில் வருவது சிலிண்டரைத் தாங்கும் முதன்மை ஃபிரேம். கிரிப் ஃபிரேம் அதில் சேராது, அதை உள்நாட்டில் செய்து தபாலில் விற்கக் கூட்டாட்சித் துப்பாக்கி உரிமம் வேண்டியதில்லை. துப்பாக்கியை அனுப்புங்கள், நானே பொருத்தித் தருகிறேன் என்று தொழிலாகச் சொன்ன நிமிடம் நீங்கள் கன்ஸ்மித். உரிமம் வேண்டும், வந்த துப்பாக்கிகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கு ஏற்றுமதிச் சட்டம் தனி. இதைப் படித்துவிட்டு இங்கே கோவையில் ஒரு பட்டறையில் வரைபடத்தைக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் ஆயுதத்தின் பாகங்களையும் ஆயுதமாகவே பார்க்கிறது.

விற்கும் வழி

பிரவுனெல்ஸ் மாதிரியான பெரிய பட்டியல் கடைகள் மொத்த விலைக்கு எடுப்பார்கள், லாபம் ஒடுங்கும், திரும்பி வருவதும் உங்கள் தலையில். அவர்களுக்குப் பெட்டியைப் பிரித்ததும் மாட்டும் பொருள் வேண்டும், பொருத்த வேண்டிய பொருள் அங்கே ஓடாது. நேரடியாக விற்பதென்றால் பணம் வாங்கும் வழியை முதலில் பாருங்கள். பேபால் சில துப்பாக்கிப் பாகங்களுக்குத் தடை வைத்திருக்கிறது, உங்கள் கணக்கு முடங்கிய பிறகு விதியைப் படித்துப் பயனில்லை.

மூன்றாவது வழியாக, ரூகர் மேல் பெரிய வேலைகள் செய்யும் கன்ஸ்மித்துகள் பத்துப் பேரைப் பிடித்து, அவர்களுக்கு மட்டும் பொருத்தாத ஃபிரேமாகக் கொடுப்பது. எண்ணிக்கை சின்னது. ஆனால் அரம் பிடிக்கத் தெரிந்தவரிடமிருந்து ஃபிரேம் திரும்பி வருவது அபூர்வம், உரிமமும் பதிவேடும் அவர் பாடு, மரத்துண்டு செய்பவரையும் பெரும்பாலும் அவரே வைத்திருப்பார். 17-4 ஸ்டெயின்லெஸ் வார்ப்பு, 5-ஆம் எண் வடிவம், விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் மிச்சம், ஐந்து துளைகளும் ஜிக்கில் போட்டது: நான் செய்வதாக இருந்தால் இதைத்தான் செய்வேன், பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு. மீதியை வார்ப்பாலையிலிருந்து முதல் கொத்து வந்திறங்கிய பிறகுதான் கேட்பேன்.