அந்தமானா, செஷல்ஸா, புக்கெட்டா: ஒரு கொடைக்கானல் வீட்டுச் சண்டை

கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்டதைத் தவிர எங்கள் இருவருக்கும் படகுப் பழக்கம் கிடையாது. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கினாலே இவர் கையில் எலுமிச்சம்பழம் வேண்டும். இந்த லட்சணத்தில், பாய்மரப் படகில் ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்ற ஆசை. மூன்று இடங்களை வைத்து இரண்டு மாதமாக வாக்குவாதம்.

அந்தமானுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். முன்பு போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம். அங்கே தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். ஆனால் பாய்ப்படகை வார வாடகைக்கு எடுத்து அதிலேயே தூங்கி எழும் வழக்கம் அங்கே பரவலாக வரவில்லை. ஹேவ்லாக், நீல் என்று ஃபெர்ரியில் போய் அறை எடுப்பதுதான் நடைமுறை. நல்ல பயணம்தான், நாங்கள் கேட்டது அது இல்லை.

ஆப்பிரிக்கா பக்கம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு நாடான செஷல்ஸ் இவருடைய கட்சி. விசா தொல்லை இல்லை, முக்கியத் தீவுகள் புயல் பாதைக்கு வெளியே, விக்டோரியா நகரில் பிள்ளையார் கோயில்கூட இருக்கிறது என்று அடுக்கினார். பிராலின் தீவில் கடல் தேங்காய் காய்க்கும் வலே த மே காடு 1983 முதல் உலகப் பாரம்பரிய இடம். அதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். கடற்கரைப் பாறைகளைக் காட்டி அவர் உருகியபோது மட்டும், பாறை பார்க்க மலையிலிருந்து கடல் தாண்டணுமா என்று கேட்டுவிட்டேன்.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. அங்குள்ள பெரிய தீவான மாஹேயிலிருந்து பிராலின் சுமார் 45 கிலோமீட்டர், நடுவில் திறந்த கடல். பாய்ப்படகு மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். நாலரை மணி நேரம் எலுமிச்சம்பழம் தாங்குமா?

அதைவிடப் பெரிய சிக்கல் காலண்டர். எங்கள் பிழைப்பு இரண்டு அறை ஹோம்ஸ்டே. ஏப்ரல், மே சீசனில் நகர முடியாது. ஆயுத பூஜை, தீபாவளிக்கும் அப்படியே. பொங்கல் கூட்டம் மலை இறங்கிய பிறகு, ஜனவரிக் கடைசியில்தான் பூட்டுப் போடலாம். செஷல்ஸ் கடல் அடங்கியிருப்பதோ காற்று திசை மாறும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில். ஜனவரி அங்கே மழைக்காலம்.

தாய்லாந்தின் புக்கெட் இங்கேதான் ஜெயிக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே சீசன். வடகிழக்குக் காற்றை நிலப்பகுதி மறைப்பதால் பாங்கா விரிகுடா ஏறக்குறைய ஏரி மாதிரி கிடக்கும். தீவுக்குத் தீவு ஒன்றிரண்டு மணி நேரம், அலை எழுந்தால் ஒதுங்கப் பக்கத்திலேயே ஒரு பாறை. சில சுண்ணாம்புத் தீவுகளின் நடுவே கூரையில்லாத அறைபோலத் தண்ணீர் தேங்கியிருக்கும். தாய்லாந்து மொழியில் 'ஹாங்' என்றால் அறைதான். நீர் வற்றும் நேரம் பார்த்து, குகை வழியாகச் சின்னப் படகில் குனிந்து நுழைய வேண்டும். நேரம் தப்பினால் குகை மூடிக்கொள்ளும். குறையும் உண்டு: பீபீ தீவுகளில் கூட்டம் நம்ம ஊர் மே மாதம்தான். அங்குள்ள மாயா கடற்கரையைக் கூட்டம் தாங்காமல் 2018இல் மூடி, 2022இல் திறந்தார்கள். இப்போதும் மாயா விரிகுடாவுக்குள் படகு போகக் கூடாது.

சரி, எந்தப் படகு? ஒற்றை உடல் படகு காற்றில் சாயும், வாடகை குறைவு. இரட்டை உடல் படகு சாயாது, ஆழம் குறைந்த இடத்திலும் போகும், வாடகை எகிறும். கேட்டமரன் என்ற அதன் பெயரே நம் கட்டுமரத்திலிருந்து போனது. அதற்குத் தள்ளுபடி ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு நாலு அறை எதற்கு? ஆனால் மாலுமி இல்லாமல் எங்களிடம் யாரும் படகைத் தர மாட்டார்கள். ஒற்றை உடல் படகில் அந்த மாலுமியின் குறட்டை பலகைக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கும். அதனால் எங்கள் ஓட்டு இரட்டைக்கு.

தொட்டித் தண்ணீரை அளந்து குளிக்கணுமாம். சீசனில் லாரித் தண்ணீர் வாங்குகிறவர்களுக்கு அது பெரிதில்லை. கழிப்பறையில் கைப்பம்பு அடிப்பது யார் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை.