ஆர்.சி.யில் ஒரு மாடல், அடியில் நாலு மாடல்: பழைய 1210, காமெட் லாரிகளோடு பல வருஷ அனுபவம்

எங்கள் வீட்டில் இரண்டு பழைய லாரிகள் இன்னும் ஓடுகின்றன. ஒன்று டாடா 1210 எஸ்.இ., இன்னொன்று அசோக் லேலண்ட் காமெட். இரண்டும் அப்பா வாங்கியவை. வேலை எல்லாம் காவேரிப்பட்டணத்தைச் சுற்றித்தான். மாங்காய் சீசனில் தோத்தாபுரியைக் கூழ் ஆலைகளுக்கு அடிப்போம். மற்ற மாதங்களில் செங்கல், ஜல்லி, எப்போதாவது ராயக்கோட்டைத் தக்காளி. தூர லோடுக்கு இந்த வண்டிகளை அனுப்புவதில்லை. பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "இதுக்கெல்லாம் இன்னும் சாமான் கிடைக்குதாண்ணா?" கிடைக்கிறது, தாராளமாகவே. ஆனால் எந்தச் சாமான் வேண்டும் என்று கடையில் சரியாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பணமும் நாளும் வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "எந்த மாடல், எந்த வருஷம்?" புது வண்டிக்கு அது சரியான கேள்வி. இத்தனை வருஷம் ஓடிய வண்டிக்கு அந்தப் பதிலை வைத்துச் சாமான் எடுத்தால் பாதி நேரம் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். எங்கள் 1210 கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் இருந்தது 692 எஞ்சின். இப்போது இருப்பது 697. எஞ்சின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், அதனால் அதற்காவது காகிதம் இருக்கிறது. கியர்பாக்ஸ், ஹவுசிங் (பின் ஆக்ஸில் கூடு), முன் ஆக்ஸில், ஸ்டியரிங் பாக்ஸ் இதையெல்லாம் யார் ஏற்றினார்கள்? எந்த வருஷம் எந்தக் காயலான் கடையிலிருந்து எது வந்தது என்பது அப்பாவுக்கும் பழைய மேஸ்திரிக்கும்தான் தெரியும். அதனால் நான் வைத்திருக்கும் பழக்கம் இது: வண்டியின் பெயரைச் சொல்லிச் சாமான் கேட்பதில்லை. கழற்றிய பொருளில் உள்ள நம்பரைச் சொல்லிக் கேட்பேன். நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து அளவைச் சொல்வேன்.

டாடாவில் இது கொஞ்சம் சுலபம், காரணம் அதன் பிறப்பு அப்படி. 1954இல் டெல்கோவும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) டைம்லர் பென்ஸும் கூட்டுச் சேர்ந்து லாரி தயாரிக்க ஆரம்பித்தார்கள், 1969இல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் போனாலும் ஜெர்மன்காரர்களின் அளவு முறையும் நம்பர் போடும் முறையும் தங்கிவிட்டன. வண்டிப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது. 1210 என்றால் மொத்த எடை 12 டன், சக்தி சுமார் 100 குதிரைத்திறன். எஞ்சின் பெயரும் அப்படித்தான். 692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். முன்னது 4.8 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே, பின்னது 5.7 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. எஞ்சின் நம்பரே 692 அல்லது 697 என்றுதான் தொடங்கும், கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் போதும். ஹெட் கேஸ்கெட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் 5 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. 1210 என்று கேட்டால் 692 கேஸ்கெட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். அது எங்கள் வண்டிக்கு ஆகாது.

டாடாவின் சாமான் நம்பர் 12 இலக்கம். அதில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களைப் பாருங்கள். 25 என்றால் கிளச், 26 கியர்பாக்ஸ், 33 முன் ஆக்ஸில், 35 பின் ஆக்ஸில், 42 பிரேக், 46 ஸ்டியரிங். இதுவும் பென்ஸ் வழி வந்த வகைப்பாடுதான். பழைய குடோன் சரக்கில் பெட்டி கிழிந்து சீட்டு மட்டும் மிஞ்சிய பொருளைக் காட்டி "இது உங்க வண்டி ஹவுசிங் சாமான்தான் சார்" என்று சொல்லும்போது, சீட்டில் 42 இருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வரலாம்.

காமெட் வேறு கதை. லேலண்ட் எஞ்சின் இங்கிலாந்து வரைபடத்தில் பிறந்தது, எல்லாம் அங்குலக் கணக்கு. 370, 400 என்ற எஞ்சின் பெயர்களே கன அங்குலத்தில் சொன்ன கொள்ளளவுதான். லிட்டரில் சுமார் 6, 6.5. போல்ட் தலையும் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பானர் மட்டும் வைத்திருக்கும் பையன்கள் இந்த வண்டியில் கை வைத்தால் எனக்கு வயிறு கலங்கும். முக்கால் அங்குலத்துக்கு 19 ஸ்பானர் நன்றாகவே பொருந்தும், அதனால் எல்லாமே பொருந்தும் என்ற தைரியம் வந்துவிடும். அரை அங்குலத் தலைக்கு 13 போட்டால் லேசாக ஆடும். பதினாறில் ஒன்பது அங்குலத்துக்கு 14 ஏறாது, 15 வழுக்கும். அப்புறம் தலை உருண்டுபோய் உளியும் சுத்தியலும்தான். அங்குல ஸ்பானர் செட் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

மரையும் அப்படித்தான். மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அங்குல போல்ட்டில் எண்ணுக்குப் பதில் கோடுகள்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. தலையில் எதுவும் இல்லாத போல்ட்டை யூ-போல்ட் பக்கமோ புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகும் தண்டு) பக்கமோ நான் போட விடுவதில்லை.

லேலண்ட் என்றாலே அங்குலம் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பிற்பாடு ஜப்பானின் ஹினோ உரிமத்தில் எஞ்சின் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த எச் வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் 104 மி.மீ. போர், 113 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), முழுக்க மில்லிமீட்டர். ஆக, ஒரே பெயர்ப்பலகை போட்ட இரண்டு வண்டிகளில் இரண்டு அளவு முறை. நம்ம ஓசூரில் 1980இலேயே லேலண்ட் ஆலை வந்துவிட்டதால் இந்தப் பக்கத்து மேஸ்திரிகளுக்கு இரண்டும் பழக்கம். வெளியூர்ப் பட்டறையில் இறக்கினால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பின் ஹவுசிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் ஏமாறுவது அங்கேதான். ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். இந்த ஜோடியைப் பல் எண்ணிக்கையால் சொல்வார்கள்: 6/41, 7/41. பினியனில் 6 பல், கிரவுனில் 41 என்றால் விகிதம் 6.83. 7/41 என்றால் 5.86. அதே எஞ்சின் சுற்றுக்கு 7/41இல் வேகம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும், சமதளத்தில் டீசலும் மிச்சமாகும். கல் குவாரி மேட்டிலும் தொப்பூர் கணவாய் ஏற்றத்திலும் 6/41தான் மூச்சு வாங்காமல் இழுக்கும். உள்ளூர் ஜல்லி லோடுக்கு எங்களுக்கு 6/41 சரியாக இருக்கிறது.

எது இருக்கிறது என்று தெரிய ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்கும் பின்னால் தரையில் நிற்கும் பக்கத்துக்கும் கட்டை போடுங்கள். பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுங்கள். மற்றொரு சக்கரம் நிற்பதால் இந்தப் பக்கம் இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் ஏழுக்குக் கொஞ்சம் குறைய வந்தால் 6/41, ஆறுக்குக் கொஞ்சம் குறைய வந்தால் 7/41. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை அங்கேயே செய்து பார்க்கலாம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பெங்களூரில் ஒரு கடையில் கிரவுன் நல்லாத்தானே இருக்கு, பினியன் மட்டும் போதும் என்று தனிப் பினியன் விற்றார்கள். பல் எண்ணிக்கை சரி, ஜோடி எண் வேறு. அப்படிப் பூட்டினால் முதலில் ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் உதிரும். திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தப் பினியன் இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. ஜே.சி. ரோட்டிலும் கலாசிபாளையத்திலும் நல்ல கடைகள் எத்தனையோ உண்டு, எங்களுக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான். ஆனால் ஜோடி எண்ணைக் கடையிலேயே கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டீசல் பம்ப்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். அதைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடுவார்கள், தின்னர் போட்டுத் துடையுங்கள். பி.இ.எஸ். 6 ஏ 90 என்பது போல இருக்கும். முதல் எழுத்துகள் பம்ப் வகை, 6 சிலிண்டர் எண்ணிக்கை, ஏ பம்ப்பின் அளவு, 90 என்றால் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) 9.0 மி.மீ. பிளஞ்சர் பெரிதான வேறு எஞ்சின் பம்ப்பை யாராவது மாட்டியிருந்தால் வண்டி இழுக்கத்தான் செய்யும், கூடவே கரும்புகையும் தள்ளும், கடைசியில் பிஸ்டன் காலியாகும். நாசிலிலும் எண் உண்டு. டி.எல்.எல்.ஏ. 150 என்றால் 150 என்பது டீசல் விரிந்து தெளிக்கும் கோணம். ஆறு நாசிலிலும் ஒரே எண் இருக்க வேண்டும். எங்கள் காமெட் நெடுநாள் நடுங்கியதற்கு ஒரே ஒரு வேறு எண் நாசில்தான் காரணமாக இருந்தது. பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைகோ 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. தட்டில் மைகோ என்று மட்டும் இருந்தால் அது அநேகமாக அதற்கு முந்தைய பம்ப்.

பேரிங்குக்குக் கடைக்காரரின் தயவே தேவையில்லை. 6310, 32310 போன்ற எண்ணில் கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம்: 50 மி.மீ. (கடைசி இரண்டு இலக்கம் 04க்குக் கீழே இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, லாரி சக்கரத்தில் அவ்வளவு சின்னது வராது.) அங்குல டேப்பர் பேரிங்கில் கப்புக்கு (வெளி வளையம்) ஒரு எண், கோனுக்கு (உள் வளையம்) ஒரு எண். இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். ஆயில் சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் ரப்பர் மேலேயே இருக்கும். கிராங்க் பேரிங்கின் முதுகில் எஸ்.டி.டி. என்றிருந்தால் கிரைண்டிங் (தேய்மானத்தைச் சரிசெய்யக் கடைவது) ஆகாத கிராங்க், 0.25 என்றிருந்தால் கால் மில்லி கிரைண்டிங் ஆனது. லேலண்டில் அதே இடத்தில் 010 என்றிருக்கும், பத்து தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு. எஞ்சினை இறக்கும்போதே அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துவிடுவேன்.

சக்கரத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. 9.00-20 டயர் ஏறும் பழைய டிஸ்கில் டயரைப் பிடித்து வைக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கும். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் ரிங்கைத் தொட வேண்டும். காற்றடிக்கும்போது கூண்டுக்குள் வைத்தோ சங்கிலி சுற்றியோ அடிக்க வேண்டும், எதிரே ஆள் நிற்கக் கூடாது. சில வண்டிகளில் இடப்பக்க நட்டு லெஃப்ட் திரெட்டாக, அதாவது வழக்கத்துக்கு மாறாகத் திருகுவதாக இருக்கும், தெரியாமல் எதிர்ப்பக்கம் மிதித்துப் போல்ட்டை முறிப்பவர்கள் உண்டு. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம்மைக் கழற்றியதும் ஏர் பைப்பால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

பேட்டரி இரண்டு இருப்பதால் 24 வோல்ட் என்று நினைத்து பல்ப் வாங்காதீர்கள். பேரலலாகக் கோத்திருந்தால் 12தான்.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், சாமான் தேடும் சுலபத்துக்கு 1210. லோடு ஏற்றி மேடு ஏறும்போது எனக்குக் காமெட்டின் இழுவை பிடிக்கும், அதன் சத்தமும் பிடிக்கும். டீசல் கணக்கில் இரண்டும் புது வண்டியோடு போட்டி போடாது. எஞ்சின் சாமானும் ஹவுசிங் சாமானும் இன்னும் பல வருஷம் கிடைக்கும், இதே எஞ்சின்கள் வேறு வேறு வண்டிகளிலும் ஓடியவை. நிஜமான பஞ்சம் கேபினில்தான். கதவுப் பூட்டு, கண்ணாடி ரப்பர், மீட்டர் கேபிள், எஸ்.இ.யின் பானெட் தகடு இதெல்லாம் சென்னை புதுப்பேட்டையில் அகப்பட்டால் தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வைத்துவிடுகிறேன். வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டும்போது அங்கே முதலில் கண்ணில் படுவதும் அந்தச் சாமான்கள்தான். போன தடவை கதவுக் கைப்பிடி ஒன்றுக்காக வண்டி ஒரு வாரம் நின்றது.