புன்டா கானாவில் கடலோர அறை புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்கு டொமினிகன் குடியரசின் புன்டா கானாவுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நிறைய பேர் அங்கே போகிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் அந்த நாட்டுக்குத் தனி விசா வேண்டாம் என்பதால், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகலாம். நாங்களும் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனோம்.

கடலைப் பார்த்த அறைக்கு இரவுக்கு 70 டாலர் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். பால்கனிக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். "என்ன தம்பி, அழுகின முட்டை வாடை அடிக்குது?" என்றார் அம்மா. கீழே கரை முழுக்கப் பழுப்பு நிறப் பாசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஒரு டிராக்டர் அதை அள்ளிக்கொண்டே இருக்க, அலை புதிதாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் அம்மாவுக்குத் தலைவலி. பால்கனிக் கதவை அதற்கப்புறம் நாங்கள் திறக்கவே இல்லை.

இந்தப் பாசிக்கு சர்காசம் என்று பெயர். 2011-லிருந்து மேற்கு ஆப்பிரிக்கா பக்கமிருந்து மெக்சிகோ வளைகுடா வரை அட்லாண்டிக்கில் பெரிய பட்டையாக மிதந்து வருகிறது. வசந்தத்தில் தொடங்கி கோடை முழுக்க கரீபியன் கரைகளில் ஒதுங்கும். கரையில் கிடந்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வெளிவரும்; அந்த நாற்றமும் தலைவலியும் அதனால்தான். புன்டா கானா கிழக்கு பார்த்த கரை என்பதால் காற்றும் நீரோட்டமும் நேராக அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. இயற்கை செய்வதற்கு ரிசார்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷா வருஷம் வருவது அவர்களுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் வந்த மின்னஞ்சலில் ஸ்பா தள்ளுபடி பற்றி எழுதத் தெரிந்தவர்கள் பாசியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கடலுக்கென்று தனிக் காசையும் வாங்கிக்கொண்டார்கள். இது ஏமாற்று வேலை.

புகார் சொல்ல லாபிக்குப் போனால், வரவேற்பு மேசையில் இருந்தவர் பக்கத்து மேசைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பெண் அவ்வளவு கனிவாகப் பேசினார். நடந்ததற்கு ஈடாக எங்கள் எல்லோருக்கும் சாவோனா தீவுக்கு இலவசப் படகுப் பயணம், அந்தப் பக்கம் கடல் சுத்தமாக இருக்கும் என்றார். பெரியவர்களுக்கு ஆளுக்கு 50 டாலர் டெபாசிட், மறுநாள் காலை உணவுக்கு வந்து 90 நிமிடம் உட்கார்ந்தால் திரும்பக் கிடைத்துவிடும். அந்த மேசை ரிசார்ட்டின் சேவைப் பிரிவு இல்லை, டைம்ஷேர், அதாவது வருஷத்தில் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறவர்களுடையது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

பிள்ளைகளை விளையாட்டு அறைக்கு அனுப்பிவிட்டு எங்களைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். பரிசுக்காக என்று சொல்லி கிரெடிட் கார்டையும் பாஸ்போர்ட்டையும் நகலெடுக்கக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. விற்பனையாளர் ஒரு வெள்ளைத் தாளில் 34,000 என்று எழுதி வட்டம் போட்டார். வேண்டாம் என்றதும் மேலாளர் வந்தார், அது 16,500 ஆனது. இன்னொருவர் வந்தார், சோதனை உறுப்பினர் என்று 3,000 ஆனது. ஒவ்வொருவரும் இன்று மட்டும்தான் இந்த விலை என்றார்கள். யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில், வாயால் சொன்ன எதுவும் கட்டுப்படுத்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அறைக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். தாள் வெளியே போகக் கூடாதாம். நிதானமாகப் படிக்கக் கொடுக்காத தாளில் எவ்வளவு கெஞ்சினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்று மணி நேரம் தாண்டியும் விடவில்லை. என் மனைவி பிள்ளைகளைப் பார்க்க எழுந்து போனதைக் காரணம் காட்டி, தம்பதி இருவரும் கடைசிவரை இருக்கவில்லை, அதனால் படகும் கிடையாது, 150 டாலர் டெபாசிட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் நாங்களே டாக்ஸி பிடித்துத் தெற்குக் கரையில் இருக்கும் பயாஹிபேக்குப் போனோம். சாவோனா படகுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அன்றைக்கு அங்கே பாசியே இல்லை, இடுப்பளவு நீரில் நின்றாலும் கால்விரல் தெரிந்தது. அம்மா ஆசைதீரக் குளித்தது அங்கேதான். அந்த நாட்டுச் சட்டப்படி கரையோரத்தில் 60 மீட்டர் வரை பொதுச் சொத்து, எனவே ரிசார்ட்டில் தங்காதவர்களும் கடற்கரைக்குப் போகலாம்.

டெபாசிட்டை வங்கியில் புகார் செய்து வாங்கிவிட்டேன். ரசீதில் 'திரும்பத் தரப்படும்' என்று இருந்தது உதவியது, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கான கூடுதல் பணம் வரவில்லை, இயற்கை நிகழ்வு என்று பதில் வந்தது. அதனால் புக் செய்யும் முன்பே கரை எந்தத் திசை பார்த்தது, கடலில் பாசித் தடுப்பு போட்டிருக்கிறார்களா, பாசி வந்தால் கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தெற்கு புளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களை வைத்து மாதாமாதம் பாசி நிலவரம் வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். இன்னொன்று, அந்த நாட்டுக்குள் நுழைய நிரப்பும் இ-டிக்கெட் என்ற ஆன்லைன் படிவம் அரசுத் தளத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.